நடுவில் யாரும் இல்லாத லைன்

நாற்பது நிமிஷம் ஆகும் சார், அப்டேட் ஏறி முடிஞ்சாத்தான் முழுசாக் காட்ட முடியும், அதுவரைக்கும் உக்காருங்க என்று ரியாஸ் சொன்னபோது கடைச் சுவரில் மணி பத்தே கால். நாற்பதைக் கூட்டினால் பத்து ஐம்பத்தைந்து. பதினொன்றுக்கு பிலோமினா கூப்பிடுவாள். நடுவில் ஐந்தே நிமிஷம். சிம்மைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிஷம் போதும். போதாதென்றால் இவன் என்ன கடைக்காரன். கோதண்டபாணி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். எழுபத்து மூன்று வயதில் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டால் மாத்திரை எழுதுவான். இதற்கு மாத்திரை வேண்டாம். இது நல்ல அடி. டெலிபோன் டிபார்ட்மெண்ட் வேலைக்கு ஆர்டர் வந்த அன்றைக்கு அடித்த அடி. சிங்காரத்தோப்புக் கடைவீதி முழுக்க ஹாரன் சத்தம், எதிர் ஜவுளிக் கடையில் மைக்கில் ஒருத்தன் தள்ளுபடி தள்ளுபடி என்று கத்துகிறான், கண்ணாடி மேஜைமேல் அந்த போன் கவிழ்ந்து கிடக்கிறது, கறுப்பாய், ஒன்றும் தெரியாத பூனை மாதிரி. ஐம்பத்து நாலாயிரம். வெளிநாட்டுச் சரக்கு. இதில் விளம்பரம் வராதாம், நாம் பேசுவதை, போகிற இடத்தை, தேடுவதை எந்தக் கம்பெனிக்கும் அனுப்பாதாம். அனுப்பக் கூடாது. அதுதான் வேண்டும். போன மாதம் அவளிடம் முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை பேசினார், மறுநாள் காலை அவர் போனில் முழங்கால் தைலம், முழங்கால் பட்டை, முழங்கால் ஆபரேஷனுக்கு மாதத் தவணை. அவருக்கு உடம்பு சில்லிட்டுப் போயிற்று. மற்றவர்களுக்கு அது விளம்பரம். அவருக்குத் தெரியும் அது என்னவென்று. நடுவில் எவனோ எக்ஸ்சேஞ்ச் போர்டில் செய்கிற மாதிரி கீயைத் தள்ளிவிட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவளிடம் சொன்னார். அவளும் அதே டிபார்ட்மெண்ட், அவளுக்கும் சில்லிட்டிருக்க வேண்டும், இரண்டு நாள் சுருக்கமாகப் பேசினாள். செவ்வாய்க்கிழமை திடீரென்று, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் திருச்சி. உங்க லைன்ல நடுவுல யாரும் இல்லன்னு நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் சொல்வேன். இல்லாட்டி என்னோட போகட்டும்" என்றாள். என்ன, என்ன என்று கேட்டதற்கு வைத்துவிட்டாள். செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு வெள்ளி.

திருச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவர் திண்டுக்கல் என்பார். எஸ்.டி.டி. வராத காலம், ஊர் விட்டு ஊர் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் புக் பண்ணிக் காத்திருக்க வேண்டும், திருச்சி எக்ஸ்சேஞ்சில் அவர் ஆபரேட்டர், திண்டுக்கல் எக்ஸ்சேஞ்சில் அவள். ஹலோ திண்டுக்கல், நாலு ஒன்று ஆறு கொடுங்க. நாலு ஒன்று ஆறு, தர்றேன் திருச்சி. எட்டு வருஷம் இப்படியே போயிற்று. லைன் காலியாக இருக்கும்போது மழை பெய்யுதா அங்கே, இங்கே பெய்யலை, கேண்டீனில் இன்னைக்கு என்ன, எங்களுக்கு உப்புமா. அவ்வளவுதான். முகம் பார்த்ததில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, அவருக்கும் ஆயிற்று, எக்ஸ்சேஞ்சுக்கு மெஷின் வந்தது, கையால் லைன் மாட்டும் போர்டைக் கழற்றினார்கள். சித்திரை மாதம் பென்ஷன்காரர் வாட்ஸப் குரூப்பில் புதிதாக ஒரு நம்பர், முகத்துக்குப் பதில் வேளாங்கண்ணி மாதா படம், பெயர் பிலோமினா, திண்டுக்கல். அவர் வணக்கம் போடவில்லை, ஒன்றும் போடவில்லை, நேராகக் கூப்பிட்டார். ஹலோ திண்டுக்கல் என்றார். மூச்சுவிடும் நேரம். திருச்சியா என்றாள். அடடா. அந்த ஒரு சொல்லுக்கு ஐம்பத்து நாலாயிரம் தகுமா தகாதா என்று ரியாஸ் மாதிரி ஆளிடம் கேட்க முடியாது. அவள் புருஷன் போய்ப் பத்து வருஷம், இவர் மனைவி போய் ஆறு வருஷம், அவள் மகன் வீட்டில், இவர் உறையூரில் மகள் வசுமதி வீட்டில். தினம் பதினொரு மணி. லைன்தான் சரியில்லை, அடிக்கடி என்ன, என்ன, திருப்பிச் சொல்லுங்க என்பாள், அவரும் திருப்பிச் சொல்லுவார், அந்தக் காலத்து டிரங்க் லைனே தேவலை. இல்லை, தேவலை இல்லை. அந்த லைனில் யார் இருந்தது? அவர் இருந்தார். போர்டில் கீயைத் தள்ளினால் இரண்டு பேர் பேசுவதும் காதுக்குள் வரும். லைன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் கீ. பார்த்ததும் எடுத்துவிட வேண்டும். எவன் எடுத்தான். மெயின்கார்டு கேட் பக்கம் காபி ஹோட்டல் வைத்திருந்த மாதவ ராவ் மெட்ராசுக்குப் பேசினார் ஒரு நாள், சளியில் கிருமி இருக்கிறதாம், காச நோய், மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று அந்தப் பக்கம் சொல்கிறார்கள், இந்தப் பக்கம் ராவ் அழுகிறார். கோதண்டபாணி கீயை எடுக்கவில்லை. அது கூடப் பரவாயில்லை. கேண்டீனில் வந்து ஒரே ஒருத்தனிடம் சொன்னார். ஒரே ஒருத்தன். ஒரு வாரத்தில் அந்த ஹோட்டலில் டம்ளரை எவனும் தொடவில்லை. மூன்று மாதத்தில் ஷட்டர் இறங்கியது. யார் சொன்னது என்று ராவுக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்த ஆள் இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து, என்னை எவன் ஒட்டுக் கேட்கிறான் என்று கேட்கிறான். போதும். இப்போது எதற்கு அது.

"பாய், எவ்வளவு ஏறியிருக்கு?" "முப்பது பர்சென்ட் சார்." "அவ்வளவுதானா?" "தள்ளியா விட முடியும் சார், அதுவாத்தான் ஏறணும்." வாய். சரி, ஏறட்டும். அவள் சொல்லப் போவது என்ன. இந்த மூன்று நாளில் ஆயிரம் தடவை சுற்றியாயிற்று, இன்னொரு தடவை சுற்றினால் ஒன்றும் குறையாது. ஒன்று, உடம்பு. கட்டி, கிட்டி. வேண்டாம். இரண்டு, மகன் ஏதாவது கொடுமை பண்ணுகிறான், லாரன்சோ என்னவோ பெயர், நல்ல பையன் என்றுதான் சொல்லுவாள், நல்ல பையன் என்று ரொம்பத் தடவை சொன்னாலே சந்தேகம்தான். மூன்றாவது. மூன்றாவதை அவர் நேராகப் பார்ப்பதில்லை, கோயிலில் பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்ப்பதுபோல் பார்ப்பார். நேரில் பார்க்கணும் போல இருக்கு திருச்சி. அல்லது அதற்கும் மேலே. காது மடல் சுடுகிறது. கிழட்டுக் காதுக்கு வந்த வாழ்வு. அப்படி மட்டும் சொன்னாள் என்றால் இவர் என்ன பதில் சொல்வது, அதற்கு வீட்டில் எங்கே இடம், கதவைச் சாத்தினால் வசுமதி, ஏன்ப்பா சாத்தினீங்க மயக்கமா என்பாள், மாடிக்குப் போனால் வழுக்கி விழுந்துடுவீங்க என்பாள். அவர் போனை வாங்கிக் கொடுத்ததே அவள்தான், லொகேஷன் என்று ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறாள், அவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று அவள் ஆபீசிலிருந்து தெரியும். மெசேஜையும் படிக்கிறாள். நிச்சயம் படிக்கிறாள். போன வாரம் ரசம் ஊற்றிக்கொண்டே, திண்டுக்கல்ல மழையாமேப்பா என்றாள். யார் சொன்னது அவளுக்கு? அன்றைக்கே முடிவு பண்ணினார், பேரனைத் தேடச் சொல்லாமல் கம்ப்யூட்டரில் தானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடினார், யாரும் ஒட்டுக் கேட்க முடியாத போன் என்று. வந்தது. பக்கவாட்டில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கிறது பாருங்கள் இதில், ரியாஸ் காட்டினான், அதைக் கீழே தள்ளினால் மைக்கும் கேமராவும் உள்ளேயே துண்டாகிவிடுமாம், கம்பியே அறுந்த மாதிரி. அவர் வாங்கிப் பார்த்தார். தள்ளினார். டக். மேலே தள்ளினார். டக். கீ! அச்சு அசல் போர்டு கீ! கடையில் நிற்கிறோம் என்பதே மறந்து பத்துப் பன்னிரண்டு தடவை தள்ளித் தள்ளிப் பார்த்தார், ரியாஸ் பயந்து வாங்கிக்கொண்டான். இத்தனை வருஷம் கழித்து கீ பொதுஜனத்தின் கைக்கு வந்திருக்கிறது. இதற்குக் கொடுக்கலாம் ஐம்பத்து நாலாயிரம். கொடுக்கலாமா? அந்தப் பணம் பல்லுக்கு வைத்தது. கீழ்வரிசை முழுக்க ஆடுகிறது, பிடுங்கிவிட்டு ஸ்குரூ வைத்துக் கட்டுகிறேன் என்று டாக்டர் அறுபது கேட்டான், அதற்காகத் தபால் ஆபீசில் போட்டு எடுத்தது. பல்லா, பேச்சா. பல் எதற்கு, முறுக்குக்கு. முறுக்கு இல்லாமல் சாகலாம். ஆனால் இந்த ரியாஸ் இன்னொன்றும் சொல்லித் தொலைத்தான், நேர்மையான ஆள், நேர்மை என்றாலே தொல்லை. இதுல பேங்க் ஆப் ஒழுங்கா ஓடாது சார், வாட்ஸப் போட்டா போடலாம், ஆனா போட்டா பாதி பிரயோஜனம் போச்சு, அப்புறம் அந்தப் பக்கம் பேசுறவங்க சாதா போன் வச்சிருந்தா அங்கே கேக்கிறதை நம்ம ஒண்ணும் பண்ண முடியாது. அப்படியென்றால் இரண்டு போன் வேண்டுமா? இரண்டு பேர் பல்லும் போகவேண்டியதுதான். இல்லை, அவள் சொன்னது உங்க லைன்ல என்று. அவள் பக்கத்தை அவள் பார்த்துக்கொள்வாள். ஆபரேட்டர் அவள். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். அவளுக்குத் தெரியாதா. கொடுத்துவிட வேண்டியதுதான். இதோ பை, பைக்குள் கவர், கவருக்குள் கட்டு. ஏன் இன்னும் எடுக்கவில்லை? முதலில் எழுபது பர்சென்ட் ஆகட்டும்.

"சார், கடைசி கட்டத்துக்கு வந்துருச்சு. பாஸ்வேர்ட் போடுங்க, வேணும்னா அப்புறம் அழிச்சுக்கலாம். யாருக்கும் தெரியாத நம்பரா போடுங்க." கோதண்டபாணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். யாருக்கும் தெரியாத நம்பர். பிறந்த தேதி வேண்டாம், வசுமதிக்குத் தெரியும். ஸ்டாஃப் நம்பர்! டிபார்ட்மெண்ட் ஸ்டாஃப் நம்பரை எவன் கண்டான். ஒரு விரலை நீட்டி, "த்ரீ. டபுள் செவன். ஃபோர். ஜீரோ. எய்ட்" என்று ஒவ்வொன்றாகத் தட்டினார், மறுபடி போடச் சொன்னது, மறுபடியும் "த்ரீ. டபுள் செவன். ஃபோர். ஜீரோ. எய்ட்." நிமிர்ந்தால் கடையே அவரைப் பார்க்கிறது. போன் கண்ணாடிக்கு மேல் ஒட்டும் தாளுக்கு வந்து நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "சார், எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு" என்றாள். ரியாஸ் மேஜைக்குக் கீழே எதையோ தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டான். "எதுக்குச் சிரிப்பு? நம்பரை வாய்விட்டுச் சொன்னாத்தான் தப்பு வராது. வேலை கத்துக்கொடுத்த விதம்" என்றார். உண்மைதான். கேட்ட நம்பரைத் திருப்பிச் சொல்லாத ஆபரேட்டர் ஆபரேட்டரே இல்லை. டிரெயினிங்கில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது, காதில் விழுந்ததை வாயால் சொல், அப்புறம் கையால் மாட்டு. வேறு நம்பர் போடுகிறேன் பாய், இந்தத் தடவை மனசுக்குள்ளேயே என்று சொல்ல வாயெடுத்தபோது பழைய போன் சட்டைப் பையில் நடுங்கியது. நெஞ்சு ஒரு குதி குதித்தது. பதினொன்று ஆகவில்லையே, பத்து நாற்பத்தெட்டுதானே. வசுமதி. "அப்பா, சிங்காரத்தோப்புல என்ன பண்றீங்க?" வந்துவிட்டது பார். அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நான் எங்க நிக்கிறேன்னு உனக்கு எதுக்கு? நான் என்ன ஜெயில்லேர்ந்து தப்பிச்சவனா? என் மெசேஜையும் படிக்கிற, தெரியும் எனக்கு. அதுக்குத்தான் புது போன் வாங்குறேன். எவளும் எட்டிப் பாக்க முடியாது." அந்தப் பக்கம் ஒரு மாதிரியான ஒலி. அழுகிறாளா? சிரிக்கிறாள். "அய்யோ அப்பா. உங்க மெசேஜை நான் எதுக்குப் படிக்கணும்? நீங்க பேசுறதுதான் தெருக்கோடி வரைக்கும் கேக்குதே. எதிர் வீட்டு பர்வதம்மா நேத்து என்னைக் கேக்கிறாங்க, பிலோமினாவுக்கு சர்க்கரை குறைஞ்சிருச்சான்னு. இஸ்திரி போடுறவருக்குக் கூடத் தெரியும், திண்டுக்கல்ல மழை பெஞ்சா அவர்தான் எனக்குச் சொல்வாரு." "யாரு?" "இஸ்திரிக்காரர்." "நான் கத்தியா பேசுறேன்?" "இப்பவும் அப்படித்தான் பேசுறீங்க. கடையில யாராவது திரும்பிப் பாக்கிறாங்களா, பாருங்க." பார்த்தார். அந்தப் பெண் சட்டென்று கூரையைப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு அவங்களோட பேசணும்னா பேசுங்க. நான் ஏதாவது சொன்னேனா? வெயில்ல நிக்காதீங்க, அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

வைத்துவிட்டாள். மூன்று மாதமாக, இல்லை நாலு மாதமாக, முழங்கால், மாத்திரை, அவர் மனைவி வைத்த வத்தக்குழம்பு, ஒரு நாள் தனியா இருக்கிறது கஷ்டமா இருக்கு திண்டுக்கல் என்று சொன்னாரே, அது, அதுவும் இஸ்திரிக்காரன் வரைக்கும். தரை பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது, ஆனால் விசித்திரம், உள்ளே போகவில்லை, சிரிப்பு வருகிறது. டிரங்க் லைனில் கத்தினால்தான் கேட்கும், எட்டு வருஷம் கத்தியது தொண்டையில் அப்படியே தங்கிவிட்டது. ஐம்பத்து நாலாயிரத்துக்கு நடுவில் இருப்பவனை எல்லாம் துரத்தலாம், கம்பெனிக்காரனை, விளம்பரக்காரனை, கீயைத் தள்ளிக் கேட்கிறவனை, துரத்தியபின் நுனியில் இவர் நின்று ஊருக்கே ஒலிபரப்புவார். தைலம் விற்கிறவனுக்குத் தெரியாது, பர்வதம்மாவுக்குத் தெரியும். என்ன போன் அது. ஆனால், இரு. இரு. எல்லாருக்கும் கேட்டது யார் பேச்சு? இவர் பேச்சு. அவள் பேச்சு யாருக்குக் கேட்டது? பிலோமினாவுக்கு சர்க்கரை என்று பர்வதம்மாவுக்கு எப்படித் தெரியும்? இவர் திருப்பிச் சொல்லியிருக்கிறார். சர்க்கரையா, நூத்தி எண்பதா, ஆமா ஆமா நூத்தி எண்பது என்று. நம்பரைத் திருப்பிச் சொல்கிற வாய். அவள் பக்கத்திலிருந்து ஒரு சொல்கூட வெளியே போகவில்லை, இவர் வாயைத் தாண்டிப் போனதுதான் போனது. "சார், நூறு பர்சென்ட்! ரெடி! சிம்மைக் குடுங்க" என்று ரியாஸ் ஊசியை எடுத்துவிட்டான். பத்து ஐம்பத்தேழு. சிம்மைக் கழற்ற அரை நிமிஷம், மாட்ட அரை நிமிஷம். புது போன் வெளிச்சமாய் விழித்துக்கொண்டு ஆளைப் பார்க்கிறது, அழகாகத்தான் இருக்கிறது, அந்தக் கீ, அந்த டக், கை துறுதுறுக்கிறது. கவரைத் தொட்டார். விட்டார். நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் சொல்வேன் என்றாளே. பொய் சொல்லி, வாங்கிவிட்டேன் என்று சொல்லிக் கேட்டுவிடலாமா? அவளிடம் முடியாது. "சார்?" "இருய்யா." பத்து ஐம்பத்தொன்பது. எதிர்க்கடையில் மைக்கில் கத்துகிறவன் ஒரு நிமிஷம் தண்ணீர் குடிக்க நிறுத்தியிருந்தான் போலிருக்கிறது, தெருவே திடீரென்று மெலிந்துபோனது, அந்த மெலிவில் பழைய போன் அடித்தது. சிம் இன்னும் பழைய போனில்தான். மாதா படம். எடுத்தார். "என்ன திருச்சி, எங்க இருக்கீங்க? ஒரே இரைச்சல்." "கடைத்தெருவுல" என்றார், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. "என்ன?" "கடைத்தெருவுல!" "என்ன, திருப்பிச் சொல்லுங்க." "கடைத்தெரு! கடைத்தெரு! போன் கடை! நடுவுல ஆள் இல்லாத போன் வாங்க வந்தேன். வாங்கலை! நான் பேசுறது ஊருக்கே கேக்குது, என் பொண்ணு இப்பத்தான் சொன்னா. ஆனா நீங்க பேசுறது என் காதுக்கு மட்டும்தான் வருது. நான் திருப்பிச் சொன்னாத்தான் வெளியே போகும். சொல்ல மாட்டேன். நம்பினா சொல்லுங்க." அந்தப் பெண், ரியாஸ், வாசலில் போன் கவர் வாங்க வந்து நின்ற ஒருத்தன், மூன்று பேரும் அசையவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். "திருச்சி" என்றாள், குரல் சின்னதாய், "எனக்குக் காது போயிருச்சு. வலது காது சுத்தமா இல்ல, இடது பாதி. ரெண்டு வருஷமாச்சு. வீட்ல யாருக்கும் தெரியாது, உதட்டைப் பாத்து ஓட்டிக்கிட்டிருக்கேன். தெரிஞ்சா பையன் கேட்டைத் தாண்ட விடமாட்டான். காதுல சோறு தின்னவ நான், செவிடுன்னு எப்படிச் சொல்றது? போன்ல யார் பேசினாலும் கொசு மாதிரி இருக்கு. உலகத்துல உங்க ஒருத்தர் குரல்தான் எனக்கு முழுசாக் கேக்குது. நீங்க கத்துறீங்கல்ல. அதான். அதுக்காகத்தான் தினமும் கூப்பிடுறேன். வேற ஒண்ணும் இல்ல." வேறு ஒன்றும் இல்லையாம். அவர் உதடு தானாகப் பிரிந்தது, காதில் விழுந்ததை வாயால் சொல், நாக்கு மேலே எழும்பி முதல் எழுத்தைத் தொட்டுவிட்டது, கா என்று. பல்லைக் கடித்தார். ஆடுகிற கீழ்வரிசைப் பல் அத்தனையும் வலிக்கக் கடித்தார். மாதவ ராவ் ஹோட்டல் டம்ளர்கள் வரிசையாகக் கண்ணில் வந்து நின்றன. கடித்தபடியே நின்றார். "என்ன சார் சொல்றாங்க?" என்றான் ரியாஸ். கோதண்டபாணி தலையை மட்டும் ஆட்டினார், கையால் அந்தக் கறுப்பு போனை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினார், வேண்டாம் என்று விரலை அசைத்தார். இரக்கமா இது, இல்லை, இரக்கத்துக்கு யாருக்கு இப்படி நெஞ்சு துள்ளும், அவளுக்கு வேண்டிய சத்தம் இந்தத் தொண்டையில் இருக்கிறதாம், ஊரே திட்டுகிற தொண்டை, எங்கே வைத்திருந்தாய் இதை இத்தனை நாள், போனில் எதற்கு, பக்கத்தில் போய்க் கத்தலாமே, இரண்டு மணி நேரம்தானே பஸ். மூச்சை இழுத்தார். மைக்கில் கத்துகிறவன் மறுபடி தள்ளுபடி என்று ஆரம்பித்தான், அவனை அமுக்கிக்கொண்டு குரல் எழுந்தது. "நாளைக்கு வர்றேன்!" "என்ன?" "நாளைக்கு! திண்டுக்கல்லுக்கு! நான் வர்றேன்! ஒம்போது மணி பஸ்! பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க!" தெருவில் போன ஆட்டோக்காரன் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தான். அந்தப் பெண் தன்னை மறந்து, "ஒம்போது மணி பஸ்ஸுன்னா பதினொண்ணுக்குப் போயிரும் சார்" என்றாள். "பதினொண்ணு!" என்று கத்தினார் போனில். "பதினொரு மணிக்கு!" லைனில் ஒன்றும் இல்லை. இரைச்சல். காதை அழுத்தினார். வெறும் மூச்சு, அப்புறம் மூச்சுக்கு நடுவில் சிரிப்பு மாதிரி ஒன்று.

"கேட்டுச்சு" என்றாள்.